வானம் மாறுகிறது: ஐயத்தினிடையே முடிவெடுப்பது எப்படி?

ஜொகூர் மாநிலத்தில் செடெனாக் வட்டாரத்தில் தோன்றும் ஸ்கூடாய் ஆறு, செனாய், ஸ்கூடாய் ஆகிய ஊர்களைக் கடந்து டங்கா வளைகுடாவில் தெப்ராவ் நீரிணையுடன் கலக்கிறது. ஒரு காலத்தில் இதன் கரைகளில் பால்மரக் காடுகளும் செம்பனைத் தோட்டங்களும் நிறைந்திருந்தன. இன்றோ பெரும்பகுதி வீடமைப்புத் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டது. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இங்கேதான் அமைந்துள்ளது. இந்த ஆறு நமக்குக் குடிநீர் தருகிறது. பெருமழைக் காலத்தில் இதே ஆறு வீட்டு வாசலுக்கும் வந்து நிற்கிறது.

தோட்டங்களில் நடைபெறும் விளக்கக் கூட்டங்களில் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "அடுத்த ஆண்டு வெள்ளம் வருமா வராதா என்று அறிஞர்களுக்கே திட்டமாகத் தெரியவில்லையே! அவ்வாறிருக்க, நாங்கள் ஏன் இப்பொழுதே கவலைப்பட வேண்டும்?"

இது நியாயமான கேள்வி. கூலி வேலை செய்து குடும்பம் நடத்துவோர், வராத ஆபத்துக்காகப் பணத்தையும் நேரத்தையும் செலவிட இயலாது. ஆகவே, பருவநிலை மாற்றம் பற்றி உறுதியாகத் தெரிந்தவை எவை, ஐயத்திற்குரியவை எவை, ஐயம் நீங்குவதற்கு முன்னரே முடிவு செய்ய வேண்டியவை எவை என்பனவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

வானிலையும் பருவநிலையும்

நாளை காலை மழை பெய்யுமா என்பது வானிலை பற்றிய கேள்வி. முப்பது ஆண்டுகளின் மழையையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பொது நிலையே பருவநிலை.

தோட்ட மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. நாளை ஒரு தனி மரம் எவ்வளவு பால் கொடுக்கும் என்று எவராலும் கூற இயலாது. மங்கு நிரம்பலாம், மழை பெய்து பால் வீணாகலாம், பட்டை காய்ந்தும் போகலாம். ஆயினும் ஒரு வெட்டில் உள்ள எல்லா மரங்களும் சேர்ந்து ஒரு மாதத்தில் என்ன தரும் என்பதை அனுபவமுள்ள கிராணி ஓரளவு சரியாகவே கணித்துவிடுவார். தனி மரத்தின் பாலை அறிய முடியாததால் அவருடைய மாதக் கணக்கு பொய்யாகிவிடுவதில்லை. அதைப்போலவே, அடுத்த மாதம் எந்த நாளில் மழை பெய்யும் என்று சொல்ல இயலாதவர்களும் அடுத்த முப்பது ஆண்டுகளில் வெப்பம் எத்திசையில் செல்லும் என்று கூற இயலும்.

உறுதியாக அறிந்தவை

சூரிய ஒளி நிலத்தைச் சுடாக்குகிறது. நிலம் அவ்வெப்பத்தைத் திரும்ப வெளியே விடுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு அவ்வாறு வெளியேறும் வெப்பத்தில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகிறது. இவ்வுண்மையை அயர்லாந்தில் பிறந்த ஜான் டின்டல் என்னும் அறிஞர் 1859ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். கரியமில வாயு மிகுந்தால் உலகம் எவ்வளவு சூடாகும் என்பதைச் சுவீடன் நாட்டின் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1896இல் கணக்கிட்டார். எனவே இது நேற்றுத் தோன்றிய கருத்தன்று.

தொழிற்புரட்சிக்கு முன்னர், காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது அது 315 அளவில் இருந்தது. இப்பொழுது 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதும் காடுகளை அழிப்பதுமே இதற்குக் காரணம்.

வெப்பம் ஏறுவதற்குச் சூரியனே காரணமாக இருக்கலாகாதா என்று சிலர் வினவுவர். சூரியன் வலுத்திருந்தால் வானவெளியின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒருசேரச் சூடாக வேண்டும். ஆனால், அளந்து பார்த்ததில் கீழடுக்கு சூடாகிறது, மேலடுக்கோ குளிர்கிறது. வெப்பம் கீழேயே தடுக்கப்படுகிறது என்பதற்கு இது தெளிவான அடையாளம்.

உலக நாடுகளின் சார்பில் 1988இல் அமைக்கப்பட்ட அரசுகளுக்கிடையிலான பருவநிலை மாற்றக் குழு, மனிதச் செயல்களால் உலகம் சூடாகியுள்ளது என்பதில் ஐயமே இல்லை என்று 2021இல் அறிவித்தது. 1850 முதல் 1900 வரையிலான காலத்தோடு ஒப்பிடுகையில் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டு ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாக இருந்தது. உலக வானிலை அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2024ஆம் ஆண்டில் இவ்வுயர்வு ஏறத்தாழ 1.55 பாகையை எட்டியது.

மற்றோர் உண்மை நமக்கு மிகவும் நெருக்கமானது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்க வல்லது. அந்த நீராவி மழையாக இறங்கும்போது, கொட்டும் மழை முன்னிலும் கனமாகக் கொட்டுகிறது.

ஐயம் எங்கே உள்ளது?

ஐயம் மூன்று இடங்களில் உள்ளது. முதலாவது, மனிதர்கள் இனி எவ்வளவு கரியை எரிப்பார்கள் என்பது. இது நாடுகளின் முடிவைப் பொறுத்தது. இரண்டாவது, இயற்கை எவ்வாறு எதிர்வினை காட்டும் என்பது. கரியமில வாயு இருமடங்கானால் வெப்பம் 2.5 பாகையிலிருந்து 4 பாகை வரை உயரக்கூடும் என்றும், சிறந்த மதிப்பீடு 3 பாகை என்றும் மேற்கூறிய குழு கூறுகிறது. மேகங்களின் போக்கைக் கணிப்பது கடினமாதலால் இவ்விடைவெளி நிலவுகிறது. மூன்றாவது, உலகளாவிய மாற்றம் ஒரு சிற்றூரில் எவ்வாறு வெளிப்படும் என்பது. உலகின் சராசரி வெப்பத்தைக் கணிப்பதைவிட ஸ்கூடாய் ஆற்றின் ஓராண்டு மழையைக் கணிப்பது பன்மடங்கு கடினம்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இந்த ஐயங்கள் யாவும் "எவ்வளவு?", "எப்போது?", "எங்கே?" என்பன பற்றியவை. "உண்டா, இல்லையா?" என்பது பற்றியவை அல்ல. மேலும், ஐயம் இருபுறமும் வெட்டும் கத்தி. நாம் நினைப்பதைவிடக் குறைவாகவும் நேரலாம், கூடுதலாகவும் நேரலாம். ஐயத்தைக் காட்டிச் சும்மா இருப்பவர், குறைவாகவே நேரும் என்று தமக்குத்தாமே முடிவு செய்துகொள்கிறார். அதுவும் ஒரு முடிவே. அதற்குத்தான் சான்று ஏதும் இல்லை.

ஜொகூர் கண்ட அனுபவங்கள்

நமது மாநிலத்தின் அண்மைக்கால நிகழ்ச்சிகளே இதற்குப் பாடமாக அமைகின்றன.

நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் புயல் உருவாவது அரிது என்று பாடநூல்கள் கற்பித்து வந்தன. 2001 டிசம்பர் 27ஆம் நாள், வாமெய் என்னும் புயல் ஏறத்தாழ 1.5 பாகை வடக்கே உருவாகி, ஜொகூரின் தென்கிழக்கில் கரையைக் கடந்தது. குனோங் பூலாய் மலையடிவாரத்தில் ஏற்பட்ட மண்சரிவு ஐந்து உயிர்களைப் பறித்தது. இப்புயல் பருவநிலை மாற்றத்தின் விளைவு என்று நாம் கூறவில்லை. "இதுவரை வந்ததில்லை, ஆகவே இனியும் வராது" என்னும் எண்ணம் பிழையானது என்பதே இதன் பாடம்.

2006 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தென் ஜொகூரில் பெருமழை கொட்டியது. கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட், குளுவாங், ஜொகூர் பாரு முதலிய மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. நீர் வடிந்ததும் மக்கள் வீடு திரும்பிச் சேற்றை அள்ளிக் கொட்டினர். எஞ்சிய பொருள்களைக் கழுவிக் காயவைத்தனர். பெருவெள்ளம் வந்து போய்விட்டது, இனிப் பல்லாண்டுகளுக்குக் கவலையில்லை என்று நினைத்தவர் பலராவர். நான்கு வாரங்கள்கூட ஆகவில்லை. 2007 ஜனவரியின் இரண்டாம் வாரத்தில் மீண்டும் வெள்ளம் வந்தது. கோத்தா திங்கி நகரத்தை அது முன்னிலும் கடுமையாகத் தாக்கியது. இவ்விரு வெள்ளங்களிலும் 18 பேர் உயிரிழந்தனர். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. சேதம் ஏறத்தாழ 150 கோடி வெள்ளி என மதிப்பிடப்பட்டது.

இதற்கு நேர்மாறான துன்பத்தையும் நாம் கண்டோம். பசிபிக் கடலின் நீர் வழக்கத்தைவிடச் சூடாகி, நம் வட்டாரத்தில் மழையைக் குறைக்கும் எல் நினோ என்னும் நிலை, 2015-2016இல் கடுமையாக இருந்தது. 2015 ஆகஸ்டில் சுங்கை லாயாங் நீர்த்தேக்கம் வற்றியதால் ஜொகூர் பாரு, பாசிர் கூடாங் வட்டாரங்களில் நீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. ஜொகூர் ஆற்றுக்கு நீர் விடும் லிங்கியு நீர்த்தேக்கத்தில் 2016 அக்டோபரில் 20 விழுக்காட்டு நீரே எஞ்சியிருந்தது.

அவ்வறட்சி தோட்டங்களையும் விடவில்லை. செம்பனை நீரின்றித் தவித்தால் உடனே காய்ப்பு நின்றுவிடாது. இளம் பாளைகள் உள்ளுக்குள்ளேயே கருகிவிடும்; ஆண் பாளைகள் பெருகிப் பெண் பாளைகள் குறையும். பல மாதங்கள் கழித்தே குலைகள் குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். நாட்டின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015இல் 19.96 மில்லியன் டன்னாக இருந்தது, 2016இல் 17.32 மில்லியன் டன்னாகக் குறைந்தது. குலை குறைந்தால் வெட்டுவோரின் வருமானமும் குறையும் என்பதைத் தோட்ட மக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

பின்னர் 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், வடகிழக்குப் பருவமழை ஓய வேண்டிய வேளையில், ஜொகூரில் மீண்டும் பெருவெள்ளம் ஏற்பட்டு 40,000க்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர்.

நூறாண்டு வெள்ளம் என்பதன் பொருள்

"நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்று செய்திகளில் படிக்கிறோம். இச்சொற்றொடர் பலரை ஏமாற்றிவிடுகிறது. ஒருமுறை வந்துவிட்டால் இனி 99 ஆண்டுகள் நிம்மதியாக இருக்கலாம் என்பது இதன் பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் அவ்வெள்ளம் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். சென்ற ஆண்டு வந்தது என்பதை வானம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் வங்கிக் கடன் பெற்று வீடு வாங்கி, 30 ஆண்டுகளில் கடனைக் கட்டி முடிக்கிறது எனக் கொள்வோம. அந்த 30 ஆண்டுகளில் நூறாண்டு வெள்ளம் ஒருமுறையேனும் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. அதாவது நான்கில் ஒன்று. பருவநிலை மாற்றத்தால் அதே வெள்ளம் ஐம்பதாண்டுக்கு ஒருமுறை வரத்தக்கதாக மாறினால், வாய்ப்பு 45 விழுக்காடாக உயர்கிறது. ஏறத்தாழ பாதிக்குப் பாதி. பருவநிலை மாற்றம் புதுவகை வெள்ளத்தைப் படைக்க வேண்டியதில்லை. பழைய வெள்ளத்தை அடிக்கடி வரச் செய்தாலே நம் கணக்குகள் யாவும் மாறிவிடும்.

கடல் மட்டமும் இக்கணக்கில் சேர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. ஸ்கூடாய் போன்ற ஆறுகளின் முகத்துவாரத்தில் கடல் ஏற்றநீரும் மேட்டு வெள்ளமும் ஒரே வேளையில் சந்தித்தால், வெள்ளம் வடிய வழியின்றித் தேங்கும். அங்கே ஒவ்வொரு சென்டிமீட்டரும் முக்கியமானது.

முடிவெடுக்கும் கணக்கு

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். வருமா வராதா என்று தெரியாதபோது முடிவெடுப்பது எப்படி?

ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். வெள்ள எச்சரிக்கை வந்ததும் வீட்டுப் பொருள்களை மேட்டுக்குக் கொண்டு செல்ல லோரி வாடகையும் ஒரு நாள் கூலியுமாக 100 வெள்ளி செலவாகிறது. கொண்டு செல்லாமல் வெள்ளம் வந்துவிட்டால் 5,000 வெள்ளிப் பொருள் நாசமாகும். வெள்ளம் வருவதற்குப் பத்தில் மூன்று வாய்ப்பு மட்டுமே உள்ளது. அதாவது, வராமல் போவதற்கே வாய்ப்பு மிகுதி. என்ன செய்வது?

இத்தகைய எச்சரிக்கை பத்து முறை வருவதாகக் கொள்வோம். பத்து முறையும் பொருள்களை அகற்றுபவர் 1,000 வெள்ளி செலவிடுவார். அவற்றுள் ஏழு முறை வெள்ளம் வராமல் அவருடைய உழைப்பு வீணாகும். அண்டை வீட்டார் நகைக்கவும் கூடும். ஒருமுறையும் அகற்றாதவர் மூன்று வெள்ளங்களில் 15,000 வெள்ளியை இழப்பார். ஏழு முறை "ஏமாந்தவரே" இறுதியில் 14,000 வெள்ளி மீத்தவராகிறார். இந்தக் கணக்கின்படி, ஐம்பது எச்சரிக்கைகளில் ஒன்று மெய்யானாலும் போட்ட செலவு ஈடாகிவிடும். உயிரையும் கணக்கில் சேர்த்தாலோ ஒப்பிட வழியே இல்லை.

ஆகவே, நாம் கேட்க வேண்டிய கேள்வி "வருமா?" என்பதோடு நின்றுவிடக் கூடாது. "வரும் என்று நினைத்து நான் செயல்பட்டு, வராமற்போனால் எவ்வளவு இழப்பேன்? வராது என்று நினைத்து வாளாவிருந்து, வந்துவிட்டால் எவ்வளவு இழப்பேன்?" என்று இருபுறமும் கேட்டல் வேண்டும். முதல் இழப்பு சிறிதாகவும் இரண்டாவது பெரிதாகவும் இருந்தால், முழு உறுதி கிடைக்கும்வரை காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

அதற்காக ஒவ்வொரு தூறலுக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஓட வேண்டும் என்பதில்லை. ஆபத்து நெருங்க நெருங்கச் செயலையும் படிப்படியாக உயர்த்துவதே சிக்கனமான வழி. மலேசிய வானிலை ஆய்வு இலாகா தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆறுகளின் நீர்மட்டத்தை அளந்து அறிவிக்கிறது. மஞ்சள் எச்சரிக்கையின்போது, செலவில்லாத வேலைகளைச் செய்யலாம்: பத்திரங்களை ஒன்றுசேர்த்தல், கைப்பேசிக்கு மின்னேற்றுதல், மருந்துகளை எடுத்து வைத்தல். ஆரஞ்சு எச்சரிக்கையின்போது, பொருள்களை உயரத்தில் ஏற்றலாம். முதியோர், குழந்தைகள், நோயாளிகள், கருவுற்ற தாய்மார்கள் ஆகியோரை முன்கூட்டியே மேட்டுப் பகுதிக்கு அனுப்பலாம். சிவப்பு எச்சரிக்கை வந்து, ஆற்றுநீரும் ஏறினால் துயர்துடைப்பு மையத்திற்குப் புறப்பட வேண்டும். எந்த நிலையிலும் அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுதல் வேண்டும். இரவில் ஏறும் நீர் எவரையும் எழுப்பிவிட்டு ஏறுவதில்லை.

எவ்வாறு நேரினும் பயன்தரும் செயல்கள்

எதிர்காலம் எவ்வாறு அமைந்தாலும் வருத்தம் தராத செயல்கள் சில உண்டு. ஐயம் மிகுந்த காலத்தில் இவற்றையே முதலில் செய்ய வேண்டும்.

ஒன்று: அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு ஓரிடத்தில் வைத்தல். நாற்காலி போனால் வேறு நாற்காலி வாங்கலாம். பிறப்புப் பத்திரம் போனால் பிள்ளையின் பள்ளிப் பதிவிலிருந்து எத்தனையோ காரியங்கள் தடைப்படும். இதற்கு ஆகும் செலவு இரண்டொரு வெள்ளியே.

இரண்டு: லயங்களையும் வீடுகளையும் ஒட்டிய கால்வாய்களைப் பருவமழைக்கு முன்னரே கூட்டுப்பணியாகத் துப்புரவு செய்தல். பெருமழை வராவிட்டாலும் கொசு குறையும். டிங்கிக் காய்ச்சல் தணியும்.

மூன்று: மழைநீரைத் தொட்டிகளில் மூடிச் சேமித்தல். வறட்சியில் அது கைகொடுக்கும். வறட்சி வராவிட்டால் நீர்க் கட்டணம் குறையும்.

நான்கு: செம்பனைத் தோட்டங்களில் வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குதலும், மூடுபயிர் வளர்த்தலும், ஆற்றோரத்தில் மரங்களை விட்டுவைத்தலும். இவை பெருமழையில் மண் அரிப்பைத் தடுக்கும். வறட்சியில் ஈரத்தைக் காக்கும். வெள்ளமோ வறட்சியோ, இரண்டுக்கும் இது மருந்தாகும்.

ஐந்து: கடுவெயிலில் வேலை செய்வோர் அதிகாலையிலேயே கடுமையான பணிகளை முடித்து, அடிக்கடி நீர் அருந்தி, நிழலில் ஓய்வெடுத்தல். தலைசுற்றலும் குழப்பமும் கண்டால் அது சோம்பல் அன்று. வெப்பத் தாக்கத்தின் அறிகுறியாகும்.

நெடுங்காலம் நிலைக்கும் கட்டுமானங்களுக்கு மற்றொரு விதி உண்டு: பின்னர் மாற்றுவதற்கு இடம் விட்டுக் கட்டுதல். சாலைக்கு அடியில் நீர் செல்லும் குழாயைப் பதிக்கும்போதே சற்றுப் பெரிய குழாயைப் பதித்தால் கூடுதல் செலவு சிறிது. பின்னர் சாலையை உடைத்து மாற்றுவதாயின் செலவு பெரிது. வீடு வாங்குவோரும் விலையையும் தவணையையும் கேட்பதோடு, "2006-2007 வெள்ளத்தில் இவ்விடத்தில் நீர் எவ்வளவு உயரம் நின்றது?" என்று பழைய குடியிருப்பாளரிடம் கேட்டல் நலம். ஆற்று முகத்துவாரங்களில் உள்ள சதுப்புநிலக் காடுகளும் இத்தகைய காப்பீடே. நமக்கு அண்மையிலுள்ள பூலாய் ஆற்றுச் சதுப்புநிலம் 2003ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அக்காடுகள் அலையின் வேகத்தைத் தணிக்கும். மீன் குஞ்சுகளுக்கும் புகலிடமாகும்.

உலகின் கரிப்புகையைத் தனியொரு தோட்டத்தால் நிறுத்த இயலாது. 2015இல் பாரிஸ் மாநகரில் நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டில் மலேசியாவும் ஓர் உறுப்பு நாடாகும். அப்பொறுப்பு அரசுகளுக்கும் பெருந்தொழில்களுக்கும் உரியது. ஆயினும் வாசலுக்கு வரும் நீரைப் பற்றிய முடிவு ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் இருக்கிறது.

முடிவுரை

உழவரும் தோட்டத் தொழிலாளரும் என்றுமே ஐயத்தினிடையே வாழ்ந்து பழகியவர்கள். விடியலில் வானத்தைப் பார்த்து, இன்று வெட்டலாமா கூடாதா என்று முடிவு செய்தவர்கள் நம் பெற்றோர். அவர்கள் முழு உறுதிக்காகக் காத்திருந்திருந்தால் ஒரு மங்குப் பாலும் வீடு வந்து சேர்ந்திராது. அவர்களுக்குப் பழக்கமான வானம் இன்று மாறி வருகிறது. ஆகையால் அவர்களுடைய அடையாளங்களை மட்டும் நம்பி இருக்க முடியாது. அவர்களுடைய துணிவோடு இன்றைய அறிவியலின் அளவுகளையும் சேர்த்துக்கொள்வதே நாம் செய்யத்தக்கது.

இதனைப் படித்த அன்பர்கள் இன்றிரவே குடும்பத்தாருடன் அமர்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை காண்பார்களாக:

1. நம் வீட்டிற்கு மிக அண்மையிலுள்ள மேட்டுப் பகுதியும் துயர்துடைப்பு மையமும் எவை?

2. வெளியேற வேண்டி வந்தால், முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லும் பொறுப்பு யாருடையது?

3. நம் பத்திரங்கள் இப்பொழுது எங்கே இருக்கின்றன?

இம்மூன்றுக்கும் விடை தெரிந்த குடும்பம், அடுத்த பருவமழை எவ்வாறு அமையும் என்பதை அறியாமலேயே அதற்கு ஆயத்தமாகிவிட்டது எனலாம்.